மிடில் ஈஸ்ட், மேற்காசியா, வளைகுடா: எந்தப் பெயரை எங்கே எழுதுவது?

‘மத்திய கிழக்கில் போர்ப் பதற்றம்’ என்று தொலைக்காட்சியில் ஒரு வரி ஓடினால் போதும். ராமநாதபுரம் பக்கத்திலும் காயல்பட்டினத்திலும் மட்டக்களப்பிலும் ‘எப்படி இருக்கிறாய்?’ என்று கேட்டு போன் போட ஆரம்பித்துவிடுவார்கள். மகன் மஸ்கட்டில் இருப்பான். குண்டு விழுந்தது பெய்ரூட்டில். இரண்டு ஊருக்கும் நடுவே வான்வழியாகவே சுமார் 2,500 கிலோமீட்டர் இருக்கிறது. சென்னைக்கும் தில்லிக்கும்கூட அவ்வளவு தூரம் கிடையாது. ஆனால் செய்தியில் வந்த பெயர் இரண்டு ஊரையும் ஒன்றாகச் சுருட்டிவிடுகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு அன்று தூக்கம் இல்லை.

நம் ஆட்கள் லட்சக்கணக்கில் வேலை செய்யும் பகுதி அது. அதன் பெயரையாவது நாம் தெரிந்து எழுத வேண்டாமா? ஆங்கிலத்தில் ‘மிடில் ஈஸ்ட்’ என்கிறார்கள். அதை அப்படியே ‘மத்திய கிழக்கு’ ஆக்கினோம். இந்திய அரசு ‘வெஸ்ட் ஏஷியா’ என்கிறது. அது நமக்கு மேற்காசியா. போய் வந்தவர்கள் ‘கல்ஃப்’ என்பார்கள். இந்தப் பெயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படிப் போட முடியாது. ஒவ்வொன்றுக்கும் உட்படும் நாடுகள் வேறு, ஆங்கிலத்தில் எழுதும் முறையும் வேறு.

முதலில், எதற்கு நடுவே இருப்பதால் அது ‘மிடில்’? எதற்குக் கிழக்கே இருப்பதால் அது ‘ஈஸ்ட்’?

பதில் லண்டனில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய அரசியல்வாதிகளும் பத்திரிகைக்காரர்களும் கிழக்கை இரண்டாகப் பிரித்துப் பேசினார்கள். உதுமானியப் பேரரசின் கையில் இருந்த தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியும் துருக்கியும் அதைச் சுற்றிய நிலங்களும் ‘நியர் ஈஸ்ட்’, அதாவது அண்மைக் கிழக்கு. சீனாவும் ஜப்பானும் ‘ஃபார் ஈஸ்ட்’, தூரக் கிழக்கு. 1894-95இல் சீனாவும் ஜப்பானும் மோதிக்கொண்டபோது இந்தப் பேச்சு நன்றாகவே ஊன்றிவிட்டது. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பாரசீகத்துக்கும் (இன்றைய ஈரான்) அதை ஒட்டிய வளைகுடாவுக்கும் என்ன பெயர்? 1900இல் தாமஸ் எட்வர்ட் கார்டன் என்ற பிரிட்டிஷ் தளபதி ஒரு கட்டுரையில் ‘மிடில் ஈஸ்ட்’ என்று எழுதினார். அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1902இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஆல்ஃப்ரெட் தயர் மஹான் லண்டன் பத்திரிகை ஒன்றில் பாரசீக வளைகுடாவைப் பற்றி எழுதும்போது அதே சொல்லைக் கையாண்டார். இதுவரை தான் எங்கும் பார்த்திராத சொல் என்றே அதை அவர் அறிமுகப்படுத்தினார். ரஷ்யா வடக்கிலிருந்து இறங்குகிறது, ஜெர்மனி பாக்தாத் வரை ரயில் பாதை போடப் பார்க்கிறது, இவர்களுக்கு நடுவே இந்தியாவுக்கான கடல்வழியை பிரிட்டன் எப்படிக் காப்பாற்றப்போகிறது என்பதுதான் அவருடைய கவலை.

சொல்லைப் பரப்பியவர் வேலன்டைன் சிரோல். ‘தி டைம்ஸ்’ நாளிதழில் வெளிநாட்டுச் செய்திகளுக்குப் பொறுப்பாக இருந்தவர். 1902-03இல் ‘மிடில் ஈஸ்டர்ன்’ சிக்கலைப் பற்றி ஒரு கட்டுரைத் தொடரே எழுதினார். 1903இல் அது புத்தகமாகவும் வந்தது. இங்கேதான் கவனிக்க வேண்டும். சிரோலின் கணக்கில் மிடில் ஈஸ்ட் என்பது இந்தியாவின் எல்லையைத் தொடுகிற, இந்தியாவுக்கு வரும் வழிகளைத் தன் பிடியில் வைத்திருக்கிற ஆசிய நிலங்கள். பாரசீகம் அதில் உண்டு, ஆப்கானிஸ்தான் உண்டு, திபெத்தும் உண்டு! எகிப்துக்கும் சிரியாவுக்கும் அதில் இடமில்லை. இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் யாருக்கும் திபெத் நினைவுக்கு வராது. ஆனால் அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்த நாளில் அதன் அளவுகோல் இந்தியாதான். பிரிட்டிஷ் இந்தியாவைக் காவல் காக்க வரைந்த வேலிக்கு வைத்த பெயர் அது.

பிறகு அந்த வேலி நகர ஆரம்பித்தது. முதல் உலகப் போரில் உதுமானியப் பேரரசு உடைந்ததும், அண்மைக் கிழக்கு என்று சொல்லப்பட்டதற்கே பொருள் போய்விட்டது. 1920இல் லண்டனில் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டியின் இடப்பெயர்க் குழு ஒரு முடிவெடுத்தது. பால்கன் மட்டும் நியர் ஈஸ்ட். பாஸ்பரஸ் நீரிணையிலிருந்து இந்தியாவின் கிழக்கு எல்லை வரை மிடில் ஈஸ்ட். அந்த முடிவு நிலைத்திருந்தால் மதுரையும் திருநெல்வேலியும் இன்று மத்திய கிழக்கில் இருந்திருக்கும். அது நிலைக்கவில்லை. மறு வருடமே, காலனித் துறை அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் தன் துறையில் ‘மிடில் ஈஸ்ட்’ பிரிவு ஒன்றைத் தொடங்கி, பாலஸ்தீனம், டிரான்ஸ்ஜோர்டான் (இன்றைய ஜோர்டான்), ஈராக் ஆகியவற்றின் நிர்வாகத்தை அதன் கையில் கொடுத்தார். சொல் ஒரேயடியாக மேற்கே குதித்துவிட்டது. 1939இல் பிரிட்டிஷ் ராணுவம் கெய்ரோவில் மிடில் ஈஸ்ட் கட்டளையகத்தை அமைத்து ஜெனரல் வேவலிடம் கொடுத்தபோது எகிப்தே அந்தப் பெயரின் நடுவிடம் ஆனது. போர் நடந்த வருடங்களில் வானொலியும் பத்திரிகையும் நாள்தோறும் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி உலகத்தின் காதில் பதித்துவிட்டன. ஆக, நாற்பது வருடத்துக்குள் திபெத்தின் ஓரத்திலிருந்து நைல் நதிக்கரைக்குப் போய்ச் சேர்ந்த பெயர் இது.

எல்லை எங்கே என்று கேட்டால் அதற்குப் பிறகும் யாராலும் ஒரே பதில் சொல்ல முடியவில்லை. 1957இல் அமெரிக்க அதிபர் ஐசனோவர் இந்தப் பகுதிக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தார். அப்போது வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் டல்லஸ் கொடுத்த விளக்கத்தின்படி மேற்கே லிபியா, கிழக்கே பாகிஸ்தான், வடக்கே சிரியாவும் ஈராக்கும், தெற்கே அரேபியத் தீபகற்பம், கூடவே சூடானும் எத்தியோப்பியாவும். அடுத்த வருடமே அதே துறை, நியர் ஈஸ்டும் மிடில் ஈஸ்டும் ஒன்றுதான் என்று சொல்லி, மிகச் சிறிய ஒரு பட்டியலைக் கொடுத்தது. இன்றும் அமெரிக்க வெளியுறவுத் துறையில் இந்த நாடுகளைக் கவனிக்கும் பிரிவின் பெயரில் ‘நியர் ஈஸ்ட்’தான் இருக்கிறது. 2004இல் ஜார்ஜ் புஷ் ‘கிரேட்டர் மிடில் ஈஸ்ட்’ என்று பேசியபோது ஆப்கானிஸ்தான் மறுபடியும் உள்ளே வந்தது.

ஐக்கிய நாடுகள் அவையைப் பார்த்தால் குழப்பம் இன்னும் தெளிவாகத் தெரியும். பாலஸ்தீன அகதிகளுக்காக 1949இல் உருவான நிறுவனத்தின் முழுப்பெயரில் ‘நியர் ஈஸ்ட்’ இருக்கிறது. பாதுகாப்பு அவையின் நிகழ்ச்சி நிரலில் ‘மிடில் ஈஸ்ட்’ இருக்கிறது. பெய்ரூட்டில் இருக்கும் பொருளாதார, சமூக ஆணையத்தின் பெயரில் ‘வெஸ்டர்ன் ஏஷியா’ இருக்கிறது. ஒரே அவை, ஒரே பகுதி, மூன்று பெயர்.

சரி, அப்படியானால் ‘வெஸ்ட் ஏஷியா’ என்று எழுதிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? இந்தியாவில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். அந்தப் பெயரின் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. சென்னையில் நிற்கிறவருக்குத் துபாய் மேற்கே இருக்கிறது. அதைக் கிழக்கு என்று நாம் சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆசியா என்ற கண்டத்தின் மேற்குப் பகுதி என்பது லண்டனிலிருந்து பார்த்தாலும் மாறாது, டோக்கியோவிலிருந்து பார்த்தாலும் மாறாது. விடுதலைக்குப் பிறகு நம் வெளியுறவுத் துறை இந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது சரியான காரியம். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் இந்தப் பெயரில்தான் ஆய்வு மையம் இருக்கிறது. ‘தி இந்து’ போன்ற நாளிதழ்களும் பெரும்பாலும் இதைத்தான் எழுதுகின்றன.

ஆனால் இந்தப் பெயருக்குள் எகிப்து வராது. அது இருப்பது ஆப்பிரிக்காவில். அதன் சினாய் தீபகற்பம் மட்டும்தான் ஆசியாவில் இருக்கிறது. லிபியா, சூடானும் வராது. எகிப்து இல்லாமல் இந்தப் பகுதியின் அரசியலை ஒரு வாரம்கூடப் பேச முடியாது. அதனால்தான் நம் வெளியுறவுத் துறையிலேயே அந்தப் பிரிவுக்கு ‘மேற்காசியா மற்றும் வட ஆப்பிரிக்கா’ என்று பெயர். அங்கேயும் வளைகுடா நாடுகளுக்குத் தனிப் பிரிவு. ஈரானோ பாகிஸ்தான், ஆப்கானிஸ்தானோடு சேர்ந்து வேறொரு பிரிவில் இருக்கிறது.

ஐ.நா. புள்ளிவிவரப் பிரிவின் பட்டியலில் மேற்காசியாவுக்குள் 18 நாடுகள். ஜார்ஜியா, ஆர்மீனியா, அஜர்பைஜான், சைப்ரஸ் எல்லாம் அதில் உண்டு. ஈரான் இல்லை. அது இந்தியா, இலங்கையோடு சேர்ந்து தெற்காசியாவில் இருக்கிறது. பெய்ரூட் ஆணையத்தில் இது இன்னும் விநோதம். ‘மேற்காசியா’ என்ற பெயரை வைத்துக்கொண்டு, அட்லாண்டிக் கடற்கரையில் இருக்கும் மொராக்கோவை 2012இல் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் இருக்கும் ‘மிடில் ஈஸ்ட்’ புள்ளிவிவரத்தை எடுத்து, பெயரை மட்டும் ‘மேற்காசியா’ என்று மாற்றிப் போட்டால் கணக்கே தப்பாகிவிடும். எகிப்தின் மக்கள்தொகை மட்டும் பத்துக் கோடிக்கு மேல். அது உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதிலேயே எல்லாம் மாறிவிடும். எந்த எண்ணாக இருந்தாலும், அதை வெளியிட்டவர் எந்தெந்த நாடுகளைச் சேர்த்திருக்கிறார் என்று அடிக்குறிப்பைப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். இதில் சலுகையே கூடாது.

இன்னொன்றும் உண்டு. ‘மிடில் ஈஸ்ட்’ காலனி ஆட்சியின் சொல், ஆகவே அதைத் தொடவே கூடாது என்று சிலர் வாதாடுகிறார்கள். அதன் பிறப்பு அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மண்ணின் மக்களே இன்று அந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள். அரபியில் அது ‘அஷ்ஷர்க் அல்அவ்ஸத்’. அதே பெயரில் 1978இலிருந்து லண்டனில் ஓர் அரபு நாளிதழ் வருகிறது. துருக்கியின் அங்காராவில் இருக்கும் பெரிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெயரிலும், லெபனான் விமான நிறுவனத்தின் பெயரிலும் மிடில் ஈஸ்ட் இருக்கிறது. பாரசீகத்திலும் எபிரேயத்திலும் இதே பொருளில் சொற்கள் உண்டு. 2023 செப்டம்பரில் தில்லி ஜி20 மாநாட்டில் அறிவித்த பொருளாதார வழித்தடத்துக்கு ‘இந்தியா–மிடில் ஈஸ்ட்–ஐரோப்பா’ என்றுதான் பெயர் வைத்தார்கள். மேற்காசியா என்றே எழுதிவந்த அரசும் அதில் கையெழுத்துப் போட்டது. எனவே சொல்லைத் தள்ளிவைப்பதைவிட, எங்கே பொருந்தும் என்று பார்த்து எழுதுவதுதான் பயனுள்ள வேலை.

இனி ஆங்கிலத்தில் எழுதும் முறைக்கு வருவோம். நம் பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும், மாணவர்கள் கட்டுரை எழுதும்போதும் தடுக்கி விழுகிற இடம் இது.

‘மிடில் ஈஸ்ட்’ என்று எழுதினால் முன்னால் ‘தி’ கட்டாயம் வேண்டும். ‘ஐ வொர்க்ட் இன் மிடில் ஈஸ்ட்’ என்பது தவறு. ‘இன் தி மிடில் ஈஸ்ட்’ என்பதுதான் சரி. ‘வெஸ்ட் ஏஷியா’வுக்கோ ‘தி’ கூடவே கூடாது. ஏன் இந்த வேறுபாடு? ‘மிடில் ஈஸ்ட்’டில் கடைசியில் நிற்கும் ‘ஈஸ்ட்’ ஒரு திசைப்பெயர், அதுவே அந்த இடத்தின் பெயராகவும் நிற்கிறது. ஆங்கிலத்தில் திசை தனியாக இடப்பெயராக நிற்கும்போது ‘தி’ சேரும்: தி வெஸ்ட், தி சவுத், தி ஃபார் ஈஸ்ட். ‘வெஸ்ட் ஏஷியா’வில் இடத்தைச் சொல்வது ‘ஏஷியா’. ‘வெஸ்ட்’ அதற்கு அடைமொழி மட்டுமே. ஏஷியாவுக்குத் ‘தி’ போடுவோமா? போடமாட்டோம். அதனால் வெஸ்ட் ஏஷியா, நார்த் ஆஃப்ரிக்கா, சவுத் இந்தியா எதற்கும் ‘தி’ கிடையாது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் பாதிப் பிழை தீர்ந்துவிடும்.

‘கல்ஃப்’ என்பது வளைகுடா என்ற பொதுச்சொல். குறிப்பிட்ட ஒன்றைச் சொல்வதால் அதற்கும் ‘தி’ உண்டு. ‘லெவண்ட்’ (சிரியா, லெபனான் பக்கத்துக் கிழக்கு மத்தியதரைக் கடலோரம்), ‘மக்ரிப்’ (மொராக்கோ, அல்ஜீரியா பக்கத்து வடமேற்கு ஆப்பிரிக்கா) ஆகியவற்றுக்கும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தின் பெயரில் ‘எமிரேட்ஸ்’ என்ற பொதுச்சொல் இருப்பதால் ‘தி யுஏஇ’ என்று எழுத வேண்டும். நம்மவர்கள் அதிகம் விடுகிற ‘தி’ இதுதான். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் லெபனான், யெமன், சூடான் மூன்றுக்கும் முன்னால் ‘தி’ இருக்கும். இப்போது அந்த வழக்கம் ஏறக்குறைய போய்விட்டது. நாமும் விட்டுவிடலாம்.

இரண்டு சொல்லுக்கும் முதல் எழுத்து கேபிடலில் வர வேண்டும். நடுவில் சிறு கோடு போடக் கூடாது. மக்கள், உணவு, இசை, பண்பாடு என்று வரும்போது ‘மிடில் ஈஸ்டர்ன்’ என்பது இயல்பு. கொள்கை, அமைதிப் பேச்சு, செய்தியாளர் என்று வரும்போது ‘மிடில் ஈஸ்ட்’ என்றே அடைமொழியாக நிற்கும். ‘மிட்ஈஸ்ட்’ அமெரிக்கப் பத்திரிகைகள் தலைப்பில் இடத்தை மிச்சப்படுத்தப் போடும் சுருக்கம். விண்ணப்பத்தில் அதை எழுதாதீர்கள். ‘நியர் ஈஸ்ட்’ இப்போது பெரும்பாலும் தொல்லியலில்தான் வாழ்கிறது. சுமேரியா, பாபிலோன், அசிரியா பற்றிப் பேசும்போது ‘ஏன்ஷியண்ட் நியர் ஈஸ்ட்’ என்பார்கள். அங்கே அது முற்றிலும் சரி. ‘ஃபார் ஈஸ்ட்’ என்று இன்று சீனாவையோ ஜப்பானையோ சொன்னால் பழைய வாடை அடிக்கும். ‘ஈஸ்ட் ஏஷியா’ என்பதே வழக்கு. ரஷ்யாவின் தூரக் கிழக்கு மட்டும் விதிவிலக்கு, அது அந்த நாடே வைத்திருக்கும் பெயர்.

தமிழில் மட்டும் வருகிற ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். ‘சென்ட்ரல்’, ‘மிடில்’ இரண்டையும் நாம் ‘மத்திய’ என்றே எழுதுகிறோம். அதனால் மத்திய ஆசியாவும் மத்திய கிழக்கும் பள்ளி மாணவர்களுக்கு ஒன்றாகவே தெரிகின்றன. மத்திய ஆசியா என்றால் கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் ஆகிய ஐந்து நாடுகள். வளைகுடாவுக்கும் அவற்றுக்கும் நடுவே ஈரான் முழுசாகக் கிடக்கிறது. பரீட்சைத் தாளில் இது மாறிப்போனால் மதிப்பெண்ணோடு போகும். செய்தியில் மாறினால் வேறொரு கண்டத்துண்டைப் பற்றிய செய்தியாகிவிடும்.

அடுத்தது ‘அரபு’. மத்திய கிழக்கு நாடுகளை எல்லாம் ‘அரபு நாடுகள்’ என்று எழுதிவிடுவது நம் பத்திரிகைகளில் சாதாரணம். ஈரான் அரபு நாடு இல்லை, அங்கே ஆட்சிமொழி பாரசீகம். துருக்கியும் அரபு நாடு இல்லை. இஸ்ரேலில் அரபு மக்கள் ஐந்தில் ஒரு பங்கு இருக்கிறார்கள், ஆனால் நாடு அரபு நாடு இல்லை. ஈராக்கிலும் சிரியாவிலும் குர்து மக்கள் இருக்கிறார்கள். ஈரானியர் ஒருவரை அரபு என்று அழைத்தால் அவர் மனம் புண்படும், புண்படுவதில் நியாயமும் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு மூன்று சொல் உண்டு. மக்களுக்கும் நாடுகளுக்கும் ‘அராப்’. மொழிக்கும் எழுத்துக்கும் ‘அராபிக்’. கடல், தீபகற்பம், குதிரை ஆகியவற்றுக்கு ‘அரேபியன்’. ‘அரேபியன் பீப்பிள்’ என்றும், ‘ஐ ஸ்பீக் அரேபியன்’ என்றும் எழுதுவது நம்மிடம் அதிகம். இரண்டும் பிழை. அதேபோல ‘சவுதி’ என்பது பேச்சில் நாட்டின் பெயராக ஓடும். எழுத்தில் நாட்டுக்கு ‘சவுதி அரேபியா’ என்று முழுசாக எழுத வேண்டும். தனியாக ‘எ சவுதி’ என்றால் அந்த நாட்டு மனிதர்.

வளைகுடாவுக்கு வருவோம், நம்மவர்களுக்கு மிக நெருக்கமான பெயர் இதுதான். வளைகுடா நாடுகள் என்று சொல்லும்போது பெரும்பாலும் நாம் நினைப்பது 1981இல் வளைகுடா ஒத்துழைப்புக் கூட்டமைப்பு (ஆங்கிலச் சுருக்கத்தில் ஜிசிசி) அமைத்துக்கொண்ட ஆறு நாடுகளை: சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன். அங்கே வேலை விளம்பரங்களில் ‘ஜிசிசி அனுபவம்’, ‘ஜிசிசி ஓட்டுநர் உரிமம்’ என்று வருவது இந்த ஆறு நாடுகளைத்தான் குறிக்கும். ஈராக்குக்கும் அந்த வளைகுடாவில் கரை உண்டு, ஈரானுக்கோ வடகரை முழுவதுமே சொந்தம். இருவரும் அந்தக் கூட்டமைப்பில் இல்லை. ஜோர்டானில் ஐந்து வருடம் வேலை பார்த்தவர் ‘கல்ஃப்’ அனுபவம் என்று எழுதினால் தப்பு, ‘தி மிடில் ஈஸ்ட்’ என்று எழுதினால் சரி. இன்னும் நல்லது, ‘ஜோர்டான், அம்மான்’ என்று ஊரையே எழுதிவிடுவது. வேலை கொடுப்பவருக்குத் தேவையானது அதுதான்.

அந்த வளைகுடாவின் முழுப்பெயரில் ஒரு சண்டையே இருக்கிறது. நம் பள்ளிப் புத்தகங்களில் அது பாரசீக வளைகுடா. ஐ.நா. செயலகமும் அப்படித்தான் எழுதுகிறது. தென்கரையில் இருக்கும் அரபு நாடுகள் அதை ‘அரேபிய வளைகுடா’ என்கின்றன. இதற்காக ஒரு விளையாட்டுப் போட்டியே நின்றுபோனது. 2010இல் ஈரானில் நடக்க இருந்த இஸ்லாமிய ஒற்றுமை விளையாட்டுகளின் பதக்கங்களிலும் சின்னத்திலும் ‘பாரசீக வளைகுடா’ என்று பொறித்ததை அரபு நாடுகள் ஏற்கவில்லை. போட்டி ரத்தானது. வரலாறும் பழைய வரைபடங்களும் ‘பாரசீக’ என்பதன் பக்கமே நிற்கின்றன. தமிழில் கட்டுரை, பாடம், செய்தி எழுதுகிறவர்கள் அதையே எழுதலாம். ஆனால் ரியாத்திலோ தோஹாவிலோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கடிதம் தட்டுகிற தம்பிக்கும் தங்கைக்கும் அது பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம். அவர்கள் ‘தி கல்ஃப்’ என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதே நல்லது.

செய்தி எழுதுகிற நண்பர்களிடம் ஒன்று கேட்கிறேன். தலைப்பில் நாட்டின் பெயரைப் போடுங்கள். ‘லெபனானில் தாக்குதல்’ என்பது ‘மத்திய கிழக்கில் தாக்குதல்’ என்பதைவிடச் சின்ன வரிதான், இடமும் மிச்சம். பல நாடுகள் சேர்ந்த விஷயமாக இருந்தால், ஆசிய நாடுகள் மட்டும் என்றால் மேற்காசியா என்று எழுதலாம். எகிப்தோ லிபியாவோ உள்ளே வந்தால் மேற்காசியாவும் வட ஆப்பிரிக்காவும் என்று எழுதலாம். இலங்கையில் ‘மத்திய கிழக்கு’ என்பதே மக்கள் வாயில் பதிந்த சொல். வீட்டுப் பணிக்குப் போன பெண்களைப் பற்றிய செய்திகள் எல்லாம் அந்தச் சொல்லில்தான் வருகின்றன. அங்கே அதை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண் போனது குவைத்தா, லெபனானா, ஜோர்டானா என்பது முதல் வரியிலேயே வர வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் தொழிலாளர் சட்டம் வேறு, தூதரகம் வேறு, உதவிக்குக் கூப்பிட வேண்டிய எண்ணும் வேறு.